எண்பத்து நான்கு பாட்டுகள்

அறியாத இசையொன்றை ஒருவருக்கு அறிமுகப்படுத்த முனைவோர் முன் முதலில் நிற்கும் கேள்வி, எப்பாட்டிலிருந்து தொடங்குவது என்பதே. அவ்வரிசையை அமைப்பது எத்துணைப் பொறுப்பான பணி என்பதற்கு அமெரிக்க நாட்டு ஹாரி ஸ்மித்தின் தொகுப்பு நல்ல சான்றாகும்.

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். 1948இல் வந்த நெடுநேர இசைத்தட்டிலோ ஒரு பக்கத்திலேயே பல பாட்டுகள் அடங்கின. எதனை அடுத்து எதனை வைப்பது என்னும் கேள்வியும் உடன் பிறந்தது. 1927 முதல் 1932 வரை விற்பனைக்கு வந்த தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்து, ஆறு நெடுநேரத் தட்டுகளாக 1952இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வாயிலாக ஸ்மித் வெளியிட்டார்.

அக்காலத்து இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர் பாடியவற்றைத் தனிப் பட்டியலிலும், நாட்டுப்புற வெள்ளையர் பாடியவற்றைத் தனிப் பட்டியலிலும் வைத்து விற்றன. ஸ்மித் அவ்வேலியை அகற்றினார். கதைப்பாடல்கள், ஆடலுக்கும் வழிபாட்டுக்கும் உரிய இசை, தனிப்பாடல்கள் என மூன்றாகப் பகுத்து, ஒன்று முதல் 84 வரை தொடர் எண் இட்டார். பாடியவர் எவ்வினத்தவர் என்று குறிப்பேட்டில் எழுதவில்லை. இனம் பார்த்துப் பிரித்திருந்த குரல்கள் பாட்டின் இயல்பு பார்த்து அடுத்தடுத்து அமர்ந்தன.

அவ்வரிசையில் இடம்பெற்றவருள் ஒருவர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928இல் பாடிப் பதிவு செய்தபின், ஊர் திரும்பி உழவுத் தொழிலில் ஈடுபட்டு, உலகின் நினைவினின்று மறைந்தவர். தொகுப்பின் வாயிலாக அவர் குரலைப் புதிய தலைமுறை கேட்டது. நியூயார்க்கில் அவர் பதிவு செய்த வேறொரு பாட்டில், வளர்ந்த அவலான் என்னும் சிற்றூரின் பெயர் வருகிறது. அப்பெயரையே தடமாகக் கொண்டு 1963இல் அவரைக் கண்டுபிடித்தனர். அவ்வாண்டே நியூபோர்ட் விழா மேடையில் அவர் பாடினார், 1966இல் மறைந்தார்.

வரிசையில் சேர்ந்த குரல் வாழ்கிறது; சேராத குரல் செவிக்கு எட்டாமலே போய்விடலாம். வேற்று மாநிலங்களில் வாழும் நம்மிடம், தமிழிசை எத்தகையது என அண்டை வீட்டார் வினவுவதுண்டு. அன்று நாம் எடுத்துவைக்கும் பத்துப் பாட்டுகளே அவருக்குத் தமிழகமாகத் தோன்றும். மேடைக் கீர்த்தனைக்கு அருகே தாலாட்டும், தேவாரத்திற்கு அருகே கும்மியும், திரைப்பாட்டிற்கு அருகே நாகசுரமும் இடம்பெறட்டும். நம் ஊர்ப்பெயர் ஒலிக்கும் பாட்டு ஒன்றும் அவற்றுள் இருப்பது நன்று.