முத்துமலை முருகன் சிலை

முத்துமலை முருகன் சிலை, தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் ஆத்தூருக்கு அருகிலுள்ள புத்திரகவுண்டன்பாளையத்தில், முத்துமலை முருகன் கோயிலில் அமைந்துள்ளது. இதன் உயரம் 146 அடி (ஏறத்தாழ 44.5 மீட்டர்). சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் இதனைத் தொலைவிலிருந்தே காணலாம். இதனால் வழிபாட்டுக்காக வருவோர் மட்டுமன்றி, வழிப்பயணிகளும் இங்கு இறங்கிப் பார்த்துச் செல்கின்றனர். 2022-ல் திறக்கப்பட்டபோது இது உலகின் மிக உயரமான முருகன் சிலை எனக் குறிப்பிடப்பட்டது.

வரலாறு

மலேசியாவில் கோலாலம்பூருக்கு அருகே உள்ள பத்துமலைக் குகைக் கோயிலின் முன் 140 அடி (42.7 மீட்டர்) உயர முருகன் சிலை 2006 சனவரியில் திறக்கப்பட்டது. மலேசியா சென்று அதனைக் காண இயலாதவர்கள் தம் ஊரிலேயே அத்தகைய சிலையை வழிபட வேண்டும் என்னும் நோக்கில், ஆத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த தொழிலதிபர் ஒருவர் 2014-ல் இத்திட்டத்தைத் தொடங்கினார். பத்துமலைச் சிலையை உருவாக்கிய திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதியே இச்சிலையையும் அமைத்தார். 2022 ஏப்ரல் 6 அன்று குடமுழுக்கு நடைபெற்றது. அப்போது உலங்கு வானூர்தியிலிருந்து சிலைமீது மலர்கள் தூவப்பட்டன.

அமைப்பும் ஒப்பீடும்

இரண்டு சிலைகளும் வேல் தாங்கி நின்ற கோலத்தில் உள்ளன. இவை கருங்கல்லில் செதுக்கப்பட்டவை அல்ல. கம்பி கட்டிக் கற்காரையால் எழுப்பப்பட்டவை. பத்துமலைச் சிலைக்கு மட்டும் சுமார் 1,550 கன மீட்டர் கற்காரையும் 250 டன் எஃகுக் கம்பிகளும் பயன்பட்டன. அதனைவிட முத்துமலைச் சிலை 6 அடி கூடுதல் உயரம் கொண்டது.

கோயம்புத்தூரை அடுத்த மருதமலையில் 184 அடி உயர முருகன் சிலை அமைக்கும் திட்டம் 2025-ல் அறிவிக்கப்பட்டது. அது நிறைவேறினால் உயரத்தில் முதலிடம் மாறும். எனினும், கடல் கடந்து செல்ல இயலாதவர்களுக்காக எழுந்தது என்பதே முத்துமலைச் சிலையின் தனிச்சிறப்பு.

அருகிலுள்ள இடம்

ஆத்தூருக்குத் தெற்கே, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையில் உள்ள தம்மம்பட்டி மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற பேரூராட்சி ஆகும். இங்குள்ள பட்டறைகளில் தெய்வ உருவங்கள், கோயில் வாகனங்கள், வேலைப்பாடு மிக்க கதவுகள் முதலியவை உளிகொண்டு கையால் செதுக்கப்படுகின்றன. சாலையிலிருந்தே தெரியும் பேருருவத்தையும், அருகில் சென்று பார்த்தாலன்றி நுட்பம் புலப்படாத மரச்சிற்பங்களையும் பயணிகள் ஒரே நாளில் காண இயலும்.