"ஒப்பரேஷன் தானே, நோகாமப் பெத்துட்டா"

சிசேரியன் செய்த பெண்ணைப் பார்க்கப் போகும் வீடுகளில் நாம் சாதாரணமாகச் சொல்லிவிடும் வார்த்தை இது. சரித்திர பாடத்தில் ராஜாக்களின் யுத்தங்களைப் படிப்பிக்கும் நாங்கள், பிரசவ நோவின் சரித்திரத்தைச் சொல்வதில்லை. இன்று அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

1847 ஜனவரியில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் டொக்டர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் ஒரு பிரசவத்துக்கு ஈதர் மயக்க மருந்து கொடுத்தார். அதே வருடம் நவம்பரில் குளோரோபோமையும் பயன்படுத்தினார். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. சில டொக்டர்கள் ஆபத்து என்றார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. வேறு சிலரோ, பிரசவ வேதனை பெண்ணுக்கு இறைவன் விதித்தது, அதைக் குறைக்கக் கூடாது என்றார்கள். சிம்ப்சன் பைபிளிலிருந்தே பதில் சொன்னார்: ஆதமின் விலா எலும்பை எடுக்கும் முன் இறைவன் அவரைத் தூங்க வைக்கவில்லையா?

நமக்கும் இதில் படிப்பினை உண்டு. பேரீச்சை மரத்தடியில் வேதனைப்பட்ட மர்யம் (அலை) அவர்களின் சம்பவத்தைக் குர்ஆன் சொல்கிறது. அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஆறுதலும் தண்ணீரும் பழமும்தான்.

1853 ஏப்ரல் 7ஆம் திகதி விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம். டொக்டர் ஜோன் ஸ்னோ கைக்குட்டையில் குளோரோபோமைச் சிறிது சிறிதாக விட்டு 53 நிமிடங்கள் கொடுத்தார். மகாராணியே எடுத்துக்கொண்ட பிறகு எதிர்ப்பின் வேகம் குறைந்தது.

1906 அளவில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் மோர்பீனும் ஸ்கொபொலமீனும் சேர்த்துக் கொடுக்கும் முறை பிரபலமானது. அதில் நோவு முழுதாகப் போகவில்லை, நினைவுதான் போனது. தாய் கத்துவாள், எழும்பியதும் ஒன்றும் ஞாபகமிருக்காது.

முதுகில் போடும் விறைப்பு ஊசிக்கு வழி திறந்தவர் ஜெர்மானிய டொக்டர் ஓகஸ்ட் பியர், 1898இல். முழு மயக்கத்தில் வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்தை 1946இல் நியூயோர்க்கின் டொக்டர் மெண்டல்சன் விளக்கினார். சிசேரியனுக்கு முன் சாப்பிட வேண்டாம் என்பதும், முடிந்தவரை முதுகு ஊசியையே தெரிவு செய்வதும் இதனால்தான்.

இந்த ஊசியோடு தாய் விழித்திருப்பாள். இழுப்பதும் அமத்துவதும் தெரியலாம். ஆனால் வெட்டும் நோவு தெரியக் கூடாது. தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் நம்ப வேண்டும். ஊசி இறங்கிய பிறகு தோலும் கர்ப்பப்பையும் வெட்டித் தைத்த காயத்தின் நோவு தொடங்கும். அந்த நோவோடுதான் அவள் பால் கொடுக்கிறாள், இரவில் எழும்புகிறாள். நோவு சரியாகக் கவனிக்கப்படாத தாய்மாரில் சிலருக்குக் கெட்ட கனவு, நடுக்கம், காரணமில்லாத அழுகை, அடுத்த பிள்ளை என்றாலே பயம் எல்லாம் வரலாம். இது ஈமான் குறைவுமல்ல, பிள்ளை மேல் பாசமின்மையுமல்ல.

1987இல் அதே ஸ்கொட்லாந்தில் டொக்டர் ஜோன் கொக்ஸும் மற்றவர்களும் 10 கேள்விகளைத் தயாரித்தார்கள். கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, பயம் வந்ததா, உங்களையே குற்றம் சொன்னீர்களா என்று தாயிடமே கேட்பவை அவை. எடின்பரோ அளவுகோல் என்ற பெயரில் உலகின் பல நாடுகளில் இன்று பயன்படுகிறது.

மாமிமாரே, சாச்சிமாரே, கணவன்மாரே! பிள்ளை பார்க்கப் போகும்போது பிள்ளை யாரைப் போல என்று கேட்பதற்கு முன் தாயிடம், "உங்களுக்கு நோவு எப்படி?" என்று கேளுங்கள். இரண்டு கிழமைக்கு மேலும் அவள் சோர்ந்தே இருந்தால் மிட்வைஃபிடமோ டொக்டரிடமோ கூட்டிக்கொண்டு போங்கள். தன்னை மாய்க்கும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் பிந்த வேண்டாம்.

அல்லாஹ் நமது தாய்மார் அனைவருக்கும் சுகத்தைத் தருவானாக.