மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ்: விமானமின்றி மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல்

இரண்டாம் உலகப் போரில் இலங்கை பெற்ற இடத்தை ஆராய்வோர், 1942 ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்பிலும் 9ஆந் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் நிகழ்த்திய குண்டுவீச்சையே பெரிதும் விரித்துரைப்பர். திருகோணமலை தாக்கப்பட்ட அதே நாள் முற்பகலில், மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அப்பால், ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அப்போது அதன் தளத்தில் ஒரு விமானந்தானும் இருக்கவில்லை. இவ்விழப்பின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விமானந்தாங்கியாகவே வரையப்பட்டுக் கட்டத் தொடங்கப்பெற்ற உலகின் முதற் கப்பல் ஹேர்மிஸ் ஆகும். 1918இல் தொடங்கிய வேலை தாமதமுற்று, 1924இலேயே அது முழுச் சேவையிற் சேர்ந்தது. அதற்குள் யப்பானின் ஹோஷோ 1922 டிசெம்பரில் முற்றுப்பெற்று முந்திக்கொண்டது. ஆயினும் யப்பானியர் இக்கலையைக் கற்றது பிரித்தானியரிடமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1921இல் வில்லியம் செம்பில் தலைமையிற் சென்ற பயிற்சிக் குழு, கசுமிகவுராவில் யப்பானியக் கடற்படையினருக்கு விமானமோட்டலையும் குண்டுவீச்சையும் பயிற்றியது. 1923இல் ஹோஷோவின் தளத்தில் முதன்முதலில் விமானத்தை இறக்கியவரும் வில்லியம் யோர்டன் என்ற பிரித்தானியரே. எனினும் கற்றோர் கற்றதோடு அமையவில்லை. தாங்கிக் கப்பல்கள் பலவற்றை ஓரணியாகத் திரட்டித் தாக்கும் முறையை அவர்கள் வளர்த்தனர். 1942 ஏப்பிரலில் நகுமோவின் தலைமையில் வங்கக் கடலுட் புகுந்த அணியில் ஐந்து விமானந்தாங்கிகள் இருந்தன. ஹேர்மிசோ பன்னிரண்டு சோர்ட்பிஷ் விமானங்களை மட்டுமே கொண்டியங்கிய சிறு கப்பல்.

ஏப்பிரல் 8ஆந் திகதி கற்றலீனா வேவு விமானம் பகையணியைக் கண்டு அறிவித்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் அழிவுறலாம் என்றஞ்சி அவற்றை வெளியேறப் பணித்தனர். ஹேர்மிசும் அதற்குத் துணையாக அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் அன்றிரவு கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றன. ஹேர்மிசின் விமானங்கள் சீனன்குடாத் தளத்தில் தங்கிவிட்டன. மறுநாட் காலை மீண்டும் திருகோணமலைக்குத் திரும்புகையில் யப்பானிய வேவு விமானமொன்று அவற்றைக் கண்டுகொண்டது. ஏறத்தாழ எண்பது குண்டுவீச்சு விமானங்கள் ஏவப்பட்டன. 10.35 மணியளவில் தொடங்கிய தாக்குதலில் இருபது நிமிடத்துள் ஹேர்மிஸ் மூழ்கியது. கப்டன் ரிச்சட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். வம்பயரும் மூழ்கியது. அண்மையில் நின்ற வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் உயிர்பிழைத்தோரில் ஏறக்குறைய அறுநூறு பேரைக் காத்துக் கொழும்பிற் சேர்த்தது. ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும், அதெல்ஸ்ரோன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்களும் அன்றே இக்கடற்பரப்பில் அழிந்தன.

விமானங்களைக் கரையில் விட்டுச் சென்றமையே அழிவுக்குக் காரணம் என்பர். இக்கூற்று மேலெழுந்தவாரியானது என்பதே எமது கருத்து. சோர்ட்பிஷ், டோப்பிடோத் தாக்குதலுக்கும் வேவுக்கும் உரிய, வேகங்குன்றிய இரட்டைச்சிறகு விமானம். வானத்திற் போரிடுதற்கு உரியதன்று. நான்கு நாள்களுக்கு முன்னர், கொழும்பின் அருகே சீரோ விமானங்களை எதிர்ப்பட்ட ஆறு சோர்ட்பிஷ் விமானங்களும் வீழ்த்தப்பட்டமை இதற்குச் சான்று. ஆகவே பன்னிரண்டும் ஹேர்மிசிலிருந்திருப்பினும் முடிவு மாறியிராது. அக்கப்பலுக்கு வேண்டியிருந்தது சண்டை விமானக் காப்பு. சீனன்குடாவின் ஹரிக்கேன்கள் அன்று காலையிலேயே போரிட்டுத் தளர்ந்திருந்தன. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட புல்மர் விமானங்கள் வந்துசேர்ந்தபோது கப்பல் மூழ்கிவிட்டது. துறைமுகத்தை விட்டு அகலுமாறு பணித்தோர், அகன்ற கப்பலை எவர் காப்பது என்பதற்கு விடை வைத்திருக்கவில்லை. இதுவே உண்மையான குறை.

இக்குறையை மட்டக்களப்பின் நிலவமைப்பு மேலும் கடுமையாக்கியது. வாவி நீண்டதாயினும் அதன் முகத்துவாரம் மணற்றிட்டால் அடைபடுவது. பெருங்கப்பல் புகுந்து ஒதுங்க இடமில்லை. திருகோணமலையோ ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் வடக்கே இருந்தது.

ஹேர்மிஸ் இன்றும் கரையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் கிடக்கிறது. 2009இன் பின்னர் சுழியோடிகள் பலர் அதனைக் காணச் செல்கின்றனர். அது காட்சிப் பொருள் மட்டுமன்று, நூற்றுக்கணக்கானோரின் கல்லறையுமாகும் என்பதை மறத்தலாகாது. இந்நிகழ்ச்சியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கப்பலிலிருந்தோரின் நோக்கிலேயே அமைந்துள்ளன. கல்லடியிலும் பாலமீன்மடுவிலும் பாசிக்குடாவிலும் கரையில் நின்று அதனைக் கண்டும் கேட்டும் அறிந்தோரின் நினைவுகள் இன்னும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியவை. அன்று சிறுவராயிருந்தோர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். காலம் தாழ்த்தின் அச்சான்றுகளும் கடலடியிற் சென்றவையாகிவிடும்.