ரெயில்டன் சாலையின் ‘ஜார்ஜ்’

1981 ஏப்ரல் 11, சனிக்கிழமை. லண்டன் பிரிக்ஸ்டனில் அந்த வார இறுதியில் தீக்கிரையான 28 கட்டடங்களில் ரெயில்டன் சாலையின் ‘ஜார்ஜ்’ மதுக்கூடமும் ஒன்று. கும்பல் கண்டதையெல்லாம் கொளுத்தியது என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் கறுப்பின மக்களை ஒதுக்கும் கடை என்று அதைப் பற்றி அந்தத் தெருவில் நெடுநாளாகவே பேச்சு இருந்தது.

மதுக்கூடங்களில் நிறபேதம் காட்டுவதை 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் தடைசெய்தது. சமரசம் பேச வாரியம் வைத்தது, தண்டனை வைக்கவில்லை. இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை விளக்கவா வேண்டும்? கையில் காசிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கணக்கை யாரும் எடுக்கவில்லை. அந்த நவம்பரில் வந்த ஸ்கார்மன் அறிக்கையோ, பிரிட்டனில் நிறுவனமயமான இனவெறி இல்லை என்றது.

அதே சாலையில் இயங்கிய ‘ரேஸ் டுடே’ குழுவின் கவிஞர் லிண்டன் குவேசி ஜான்சன், நடந்ததைக் கிளர்ச்சி என்றே பாடினார். அந்தக் கவிதையில் ஜார்ஜின் பெயரும் இருக்கிறது.