கால்குலஸ்: கல், கணக்கு, தீர்ப்பு

கால்குலஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் கூழாங்கல் என்று அர்த்தம். கணக்குப் பலகையில் நகர்த்துகிற காய், உடம்பில் சேரும் கல், வழக்கில் தீர்ப்புச் சொல்லப் போடும் கல் எல்லாவற்றுக்கும் அதே சொல். (நம்முடைய ‘கல்’லோடு ஒலி ஒத்துப்போவதை வைத்து வேர் தேடக் கிளம்ப வேண்டாம்.) தமிழில் நுண்கணிதம், சிறுநீரகக் கல், பற்காறை என்று தனித்தனியே பிரித்துவிட்டதால் இந்த உறவு நமக்குத் தெரிவதில்லை.

நியூட்டன் தன் முறையை 1665-66லேயே கண்டுவிட்டார், அச்சுக்குத் தரவில்லை. அவர் வைத்த பெயர் ஃப்ளக்ஷன், ஓட்டத்தைக் குறிப்பது. 1684ல் தன் முறையை வெளியிட்ட லைப்னிஸ் கால்குலஸ் என்றார். இடையறாத மாற்றத்தைப் பற்றிய கணிதத்துக்கு, ஒன்று இரண்டு என்று எண்ணுகிற கல்லின் பெயர். பொருத்தம் பார்த்தால் நியூட்டனுடையதே மேல். ஆனால் லைப்னிஸுக்கு முக்கியம், குறிகளை விதிப்படி நகர்த்தினால் விடை வந்துவிடும் என்பது. இதைக் கணிதத்தோடு அவர் நிறுத்தவில்லை. எண்ணங்களுக்கெல்லாம் குறிகள் கிடைத்துவிட்டால் தத்துவவாதிகள் சண்டை போட வேண்டியதில்லை, உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பினார்.

அவருடைய சொந்தச் சண்டை அப்படித் தீரவில்லை. யார் முதலில் கண்டுபிடித்தது என்ற தகராறில் 1711ல் லண்டன் ராயல் சொசைட்டியிடம் முறையிட்டார். 1712ல் ஒரு குழு விசாரித்து நியூட்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சொசைட்டியின் தலைவர் நியூட்டன். அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியவரும் அவரே; அவர் பெயர் அதில் இல்லை. லைப்னிஸின் தரப்பைக் கேட்கவில்லை. கணக்கு என்ற அர்த்தத்தில் கால்குலஸை நம்பியவருக்குக் கிடைத்தது அதன் இன்னொரு அர்த்தம். இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். நஷ்டம் இங்கிலாந்துக்கும்தான்: லைப்னிஸின் குறிகளைக் கொண்டுவர 1812ல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஒரு சங்கம் அமைக்க வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டுத் தர்க்கவாதிகள், விதிப்படி குறிகளை நகர்த்தும் எந்த அமைப்பையும் கால்குலஸ் என்றார்கள். லைப்னிஸின் அர்த்தம்தான். அதற்குள்ளிருந்தே 1936ல் சர்ச்சும் ட்யூரிங்கும், தர்க்க வாக்கியம் ஒவ்வொன்றும் நிரூபிக்கக்கூடியதா இல்லையா என்று சொல்லிவிடும் பொதுவான கணக்கு முறை கிடையாது என்று தனித்தனியே நிறுவினார்கள்.

தர்க்கத்திலேயே இல்லாத வாய்ப்பாட்டை இலக்கிய விமர்சனத்தில் எதிர்பார்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. கல்லை யாராவது போட்டுத்தான் ஆக வேண்டும். நியூட்டன் தனக்குச் சாதகமாகப் போட்டதைவிட, குழுவின் பின்னால் கையை மறைத்துக்கொண்டதே பெரிய தவறாகத் தோன்றுகிறது.