மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்: யாழ்ப்பாணக் கராஜ்களின் திருத்த மரபு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெருக்களில் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை வாடகைக்கும் வீட்டுப் பாவனைக்கும் ஓடிய பழைய பிரித்தானியக் கார்களைக் கண்டு வியந்த வெளியூரவர், அவ்வூரை ஓர் அருங்காட்சியகமாகவே பெரும்பாலும் வருணித்தனர். அவ்வருணனை உண்மையின் பாதியைக்கூடத் தொடவில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு பொருள் பயன்பாட்டிலிருந்து விலக்கப்படுவதால் காக்கப்படுகிறது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய கார்களோ நாள்தோறும் ஓடி, பழுதுபட்டு, மீண்டும் திருத்தப்பட்டதனாலேயே எஞ்சின. அவற்றின் மின்பகுதிகளையும் பொறிப்பகுதிகளையும் மீட்டெடுத்த கராஜ்களின் கைத்திறனே இவ்வரலாற்றின் நடுப்பொருளாக அமைய வேண்டியது.

இக்கார்கள் இலங்கைக்கு வந்த காரணம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் பொருளாதார நெருக்கடியில் இருக்கிறது. அந்நியச் செலாவணி தேவைப்பட்ட அந்நாட்டு அரசு, கார் நிறுவனங்களுக்கு வழங்கிய உருக்கின் அளவை அவற்றின் ஏற்றுமதியோடு பிணைத்தமையால், புதிய கார்கள் உள்நாட்டாரைவிட வெளிநாட்டாருக்கே முதலில் கிடைத்தன. ஒஸ்ரின் ஏ40 டெவன் 1947இலும் அதன் வழிவந்த சோமசெற் 1952இலும் வெளிவந்தன. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர், இலங்கை விடுதலை பெற்ற அதே 1948ஆம் ஆண்டில் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. ஒஸ்ரினும் மொறிசும் 1952இல் ஒரே கூட்டு நிறுவனமாக இணைந்த பின்னர் இரு பெயர்களிலும் வந்த கார்கள் பல உறுப்புகளைப் பொதுவாகக் கொண்டிருந்தன. ஒஸ்ரின் ஏ30இல் இருந்த 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினே மைனருக்கும் வந்தது. இப்பொதுமை பிற்காலத்தில் உதிரிப் பாகம் தேடியவர்களுக்குப் பெரிதும் உதவியது.

இவ்விடத்தில் அழுத்த விகிதம் என்பதை விளக்குதல் வேண்டும். எஞ்சினின் உருளைக்குள் இழுக்கப்படும் பெற்றோல்–காற்றுக் கலவையை, பிஸ்ரன் மேலேறும்போது எத்தனை மடங்காக நெருக்குகிறது என்பதே அவ்விகிதம். நெருக்கம் மிகுந்தால் ஆற்றல் மிகும், ஆனால் எரிபொருளின் தரம் தாழ்ந்திருந்தால் கலவை ஒழுங்கின்றி வெடித்து எஞ்சின் தட்டும். பிரித்தானியாவில் 1939 முதல் 1953 வரை நிறுவனப் பெயரற்ற ஒரே தரப் பெற்றோலே விற்கப்பட்டது. அதன் ஒக்ரேன் அளவு, அதாவது தட்டாமல் எரியும் தன்மையின் அளவு, ஏறத்தாழ 70 மட்டுமே. எனவே அக்கால எஞ்சின்கள் ஏழுக்கு ஒன்று என்ற அளவைச் சுற்றியே வடிவமைக்கப்பட்டன. தாழ்ந்த எரிபொருளுக்கென ஏற்கப்பட்ட இந்தக் குறைந்த விகிதம், நாற்பது ஆண்டுகளின் பின் வேறொரு நாட்டில் வேறொரு போரின்போது அவ்வெஞ்சின்களுக்கு உயிர் கொடுத்தது.

1960களில் இலங்கையின் அந்நியச் செலாவணி வறண்டமையால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டு, 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை அந்நிலை நீடித்தது. புதிய கார் வராத இக்காலத்திலேயே திருத்தம் என்பது முழுமையான தொழிற்கலையாக வளர்ந்தது. உருளைகளைக் குடைந்து பெரிதாக்கி அடுத்த அளவுப் பிஸ்ரன் பொருத்துதல், தேய்ந்த சுழல்தண்டைக் கடைந்து அளவு குறைத்துத் தடித்த தாங்கி ஓடுகளை இடுதல், வால்வு இருக்கைகளை அரைத்துப் படிமானமாக்குதல் என்பன வேறிடங்களிலும் நடந்தவையே. ஆனால் கிடைக்காத பித்தளைப் புஷ்களையும் ஊசிகளையும் கடைசல் எந்திரத்தில் புதிதாக உருவாக்கும் வழக்கம் இத்தகைய இறக்குமதி வறட்சியில்தான் வேரூன்றியது.

பொறிப்பகுதியைவிட மின்பகுதியே திருத்துநரின் அறிவைக் கூடுதலாகச் சோதித்தது. இக்கார்களின் மின்கருவிகள் பெரும்பாலும் பேர்மிங்காமின் லூக்காஸ் நிறுவனத்தவை. அந்நிறுவனம் கம்பிகளுக்கு நிற ஒழுங்கு வகுத்திருந்தது: பற்றறியிலிருந்து நேரே வருவது கபிலம், சாவியைத் திறந்தபின் எரிபற்றலுக்குச் செல்வது வெள்ளை, உருகி வழியாகத் துணைக்கருவிகளுக்குப் போவது பச்சை, முன்விளக்கு நீலம், சிறுவிளக்கு சிவப்பு, காரின் உடலோடு இணைவது கறுப்பு. ஆயின் முற்காலக் கம்பிகள் இறப்பர் உறைக்குமேல் பருத்தி நூல் பின்னப்பட்டவை. எஞ்சின் வெப்பத்தாலும் எண்ணெய்ப் படிவாலும் நூல் கருத்து எல்லா நிறமும் ஒன்றாகிவிடும், உள்ளே இறப்பர் காய்ந்து தொட்டால் உதிரும். மைனரில் இரண்டே உருகிகள் இருந்தன, முன்விளக்குச் சுற்றோ எந்த உருகிக்கும் உட்படாதது. ஆகவே ஓரிடத்தில் உறை உதிர்ந்து கம்பி தகட்டில் பட்டால் கம்பிக்கற்றை முழுவதுமே எரிந்துபோகும். தேர்ந்த மெக்கானிக் பழைய காரொன்றைக் கையேற்றதும் பற்றறியைக் கழற்றிவிட்டு, சிறு பல்ப் ஒன்றைச் சோதனை விளக்காகக் கொண்டு ஒவ்வொரு கம்பியின் போக்கையும் தனித்தனியே அறிந்த பின்னரே அடுத்த வேலையைத் தொடங்கியது இதனாலேயே.

எர்த் எனப்படும் உடலிணைப்பு மற்றொரு சிக்கல். இக்கார்களில் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பிற்கால வழக்கம் இதற்கு நேர்மாறானது என்பதால், அறியாதவர் பற்றறியை மாற்றி இணைத்துக் கருவிகளைக் கெடுத்தமை அரிதன்று. மின் திரும்பிச் செல்லும் வழி காரின் தகடே ஆகையால், இணைப்பின்கீழ் துருவோ வண்ணப்பூச்சோ இருந்தால் விளக்கு மங்கும், ஸ்ரார்ட்டர் முனகும். இவ்வகைக் கார்களில் மின்கோளாறு என்று சொல்லப்படுவனவற்றில் கணிசமான பகுதி, துருவைச் சுரண்டி நல்ல இணைப்புக் கொடுத்தால் தீர்ந்துவிடக்கூடியது.

டைனமோ, அதாவது எஞ்சினின் சுழற்சியால் நேர்மின்னோட்டம் பிறப்பித்துப் பற்றறியை நிரப்பும் கருவி, முற்றாகப் பிரித்துத் திருத்தத்தக்கது. அதன் சுழலியின் நுனியிலுள்ள செப்புக் கீற்றுகளின்மேல் கரித்துண்டுகள் உராய்ந்து மின்னைச் சேகரிக்கின்றன. செம்பு தேயும்போது கீற்றுகளிடையே உள்ள மைக்கா மேலெழுந்து கரியைத் தூக்கிவிடும். சுழலியைக் கடைசலில் இட்டுச் செம்பைச் சமப்படுத்தி, தேய்த்து மெல்லியதாக்கிய வாள் அலகால் ஒவ்வோர் இடுக்கிலும் மைக்காவைத் தாழ்த்தி, பின்புறப் புஷ்சை ஒரு நாள் எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்துவது முறை. எரிந்த சுருளைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணி, அதே பருமன் எனாமல் செப்புக்கம்பியால் கையாலேயே மீண்டும் சுற்றினர். இறுதியில் ஒரு நுட்பம் உண்டு: புலச்சுருளின் இணைப்பைப் பற்றறியின் உயிர்முனையில் கணநேரம் தொட்டெடுத்து, இரும்பில் எஞ்சும் காந்தத்தைச் சரியான திசைக்குத் திருப்ப வேண்டும், இதைச் செய்யாத டைனமோ எவ்வளவு செம்மையாகத் திருத்தப்பட்டிருந்தாலும் எதிர்முனைப்பட்ட மின்னையே தரக்கூடும். டைனமோவுக்கும் பற்றறிக்கும் இடையே நிற்கும் கட்அவுட் பெட்டி, எஞ்சின் மெதுவாகும்போது மின் பின்னோக்கிப் பாயாமல் தடுப்பதோடு மின்னழுத்தத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. அதன் விற்சுருளைத் திருகி அளவு வைப்பதற்குத் தேவைப்பட்ட பொறுமை இத்தொழிலில் மிக உயர்வாக மதிக்கப்படத்தக்கது.

1990 யூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை பெற்றோலையும் பற்றறியையும் குடாநாட்டுக்குள் வராமல் தடுத்தது. மின்விநியோகமும் நின்றது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. பெருவிலைக்கு ஓரளவு கிடைத்த மண்ணெண்ணெயே கார்களுக்கும் எரிபொருளாயிற்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது என்பதால், சிறு போத்தலில் பேணிய சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இதன் கொள்கை புதியதன்று: பிரித்தானியப் பண்ணைகளின் போட்சன் உழவு இயந்திரங்கள் இவ்வாறே பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெயில் ஓடின, துலாவை விட்டு நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மாறிய யாழ்ப்பாண விவசாயியும் மண்ணெண்ணெய் எஞ்சினை நன்கறிந்திருந்தார். அவ்வறிவைக் காருக்கு ஏற்றியதே கராஜ்களின் சாதனை. எரிபற்றும் நேரத்தைச் சற்றுப் பிந்தவைத்துத் தட்டலைக் குறைக்க வேண்டியிருந்தது. மைனரின் எஸ்யூ காபரேற்றரில் தாரையின் மரையைத் திருகிக் கலவையின் செறிவை மாற்ற முடிந்தது. முழுதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது, பிளக்குகளிலும் வால்வுகளிலும் கரி படிந்தது. ஆகவே பிரித்துத் துப்புரவாக்கும் வேலை ஓய்வின்றித் தொடர்ந்தது. உயர் அழுத்த விகிதமுடைய பிற்கால யப்பானியப் பெற்றோல் கார்கள் இவ்வெரிபொருளைத் தாங்க இடர்ப்பட்டபோது, கிழட்டு ஒஸ்ரின்கள் நோயாளரையும் மணமக்களையும் சுமந்தன. பற்றறி வலுவிழந்த காரை முன்புறக் கைபிடியால் சுழற்றி இயக்க முடிந்ததும் அக்கார்களின் நிறைவு. ஏனெனில் சரிவே இல்லாத அந்நிலத்தில் காரை உருட்டி இயக்குவதற்குத் தள்ளுவது மட்டுமே வழி.

இதே 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் மீளமைப்பு நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், காரைத் தூக்கியெறியாமல் காலமெல்லாம் திருத்திப் பேணலாம் என்ற தம் கருத்தின் தொடர்ச்சியாக, அக்காருக்கான உடற்தகடுகளை இலங்கையில் செய்விக்கும் முயற்சியில் ஈடுபட்டார். ஒரே தீவின் ஒரு பகுதி பிரித்தானியப் பொழுதுபோக்கு ஆர்வலருக்குத் தகடு செய்ய, இன்னொரு பகுதி அதே காருக்கு ஒரு பற்றறியும் பெறமுடியாதிருந்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான உண்மை.

குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்தபோதும், 2006இல் மூடப்பட்டு 2009இன் பின் மீண்டும் திறந்தபோதும், புதிய வாகனங்கள் வடக்கே வந்தன, பழையவை சேகரிப்பாளரை ஈர்த்தன. எஞ்சியவற்றுள் சிலவற்றுக்கு யப்பானிய டீசல் எஞ்சினும், டைனமோவுக்குப் பதிலாக ஒல்ரனேற்றரும் பொருத்தப்பட்டுள்ளன. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே எல்லாவற்றையும் திருப்புவதுதான் மீளமைப்பு என்ற பிரித்தானிய அளவுகோலை இக்கார்களுக்கு அப்படியே பொருத்துவது தவறு. கையால் கடைந்த புஷ்சும் மண்ணெண்ணெய்க்கென மாற்றிய காபரேற்றரும் இக்கார்களின் வரலாற்றுச் சான்றுகள், அவற்றைக் கழற்றி எறிவது சான்றை அழிப்பதாகும். மாற்றங்கள் கலையாத ஒரு காரையாவது அப்படியே பேணவும், இன்னும் வாழும் முதிய மெக்கானிக்குகளின் செய்முறைகளை அவர்களிடமே கேட்டு எழுதிப் படமும் எடுத்து வைக்கவும் யாழ்ப்பாணத்தின் பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்லூரியும் கார் உரிமையாளர்களும் தாமதமின்றி முன்வர வேண்டும்.