நீரும் மின்னும்: கிள்ளான் பள்ளத்தாக்கு கற்ற பாடம்

பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை புறநானூற்றின் 18ஆம் பாட்டாக அமைந்திருப்பதைத் தமிழாசிரியர் அறிவர். மறுமைச் செல்வம் வேண்டினும், வெற்றி வேண்டினும், நிலைத்த புகழ் வேண்டினும், பள்ளமான நிலங்களில் நீரைத் தேக்குக என்பது அப்புலவரின் கருத்து. அக்காலத்து ஏரியின் சிறப்பு யாதெனில், பெய்த மழை அருகிலேயே தங்கிற்று. நிலத்தின் சரிவே அதனை வயலுக்குக் கொண்டு சேர்த்தது. ஏற்றம் இறைப்பவனின் உழைப்பன்றி வேறு ஆற்றல் அதற்கு வேண்டப்படவில்லை.

இக்கால நகரங்களின் நிலை வேறு. குழாயில் வரும் ஒவ்வொரு குடம் நீருக்கும் பின்னால் ஓரளவு மின்சாரம் மறைந்து நிற்கிறது. ஆகவே, வறட்சியில் நீரைச் சேமிப்பவர் தம்மை அறியாமலே மின்சாரத்தையும் சேமிக்கின்றார். இவ்வுண்மையை ஆராய்ச்சியாளர் அண்மைக் காலத்தில் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். அதனை விளங்கிக்கொள்ளக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

கோலாலம்பூரின் தொடக்ககாலக் குழாய்நீர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்பாங் மலைச்சாரலிலிருந்து வந்தது. மேட்டில் தேங்கிய நீர் தாழ்ந்த நகரத்துக்குத் தானாகவே ஓடிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலு கோம்பாக்கில் மலையிலிருந்து இறங்கும் நீரைக் கொண்டு நகரத்துக்கு மின்சாரமும் ஆக்கினர். அன்று நீர் மின்சாரத்தைக் கொடுத்தது. பிற்காலத்தில் நீரே மின்சாரத்தைக் கேட்கும் நிலை வந்தது.

இம்மாற்றம் ஏற்பட்ட வகையைச் சுங்கை வே வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். மலாய் மொழியில் ‘சுங்கை’ என்றால் ஆறு. ஆற்றின் பெயரைத் தாங்கிய இவ்வட்டாரத்தில் அவசரகாலத்தின்போது புதுக்கிராமம் அமைந்தது. 1950களில் எஃபிங்காம் ரப்பர்த் தோட்ட நிலத்தில் பெட்டாலிங் ஜெயா நகரம் எழுந்தது. 1970களில் சுங்கை வேயில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. பள்ளத்தாக்கு எங்கும் தோட்டத்துப் பொதுக் குழாயடியில் வாளியோடு காத்துநின்றவர்களின் பிள்ளைகள் பலர் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். மக்கள் பெருகவே நீர்த்தேவையும் பெருகியது. கிள்ளான் கேட்ஸ் அணைக்குப்பின் லங்காட், செமினி அணைகளும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் ஆற்று அணையும் எழுந்தன. அருகிலிருந்த மலைநீர் போதாமையால், ஆறுகளின் தாழ்ந்த பகுதிகளிலிருந்து நீரை எடுத்துச் சுத்திகரித்து மேட்டு நிலத்துக்கு ஏற்றவேண்டியதாயிற்று.

இந்த ஏற்பாட்டின் வலிமையை 1998ஆம் ஆண்டு சோதித்தது. எல் நினோ என்னும் கடல் வெப்பமாற்றத்தால் மழை பொய்த்தது. லங்காட், செமினி, கிள்ளான் கேட்ஸ் அணைகளில் நீர்மட்டம் தாழ்ந்தது. ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் பல மாதங்கள் நீர்ப் பங்கீட்டுக்கு உட்பட்டனர். 2014இல் சிலாங்கூரில் மீண்டும் பங்கீடு வந்தது. வீட்டில் பெரிய நீர்த்தொட்டி உடையவருக்கு அது இடையூறு. அடுக்குமாடியின் மேல்தளத்தில் வாழும் ஏழைக் குடும்பத்துக்கோ, லாரியில் வரும் நீரைப் பிடித்துப் படியேறிச் சுமக்கும் பாரம்.

1998ஆம் ஆண்டு நெருக்கடி, பகாங் மாநிலத்திலிருந்து நீர் கொணரும் திட்டத்தை விரைவுபடுத்தியது. தித்திவாங்சா மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் நீளமும் 5.2 மீட்டர் விட்டமும் உடைய சுரங்கம் அமைக்கப்பட்டது. அகழும் வேலை 2014இல் முடிவுற்றது. நாளொன்றுக்கு 189 கோடி லிட்டர் நீரைக் கொணர்வது திட்டத்தின் நோக்கம். சுரங்கத்துக்குள் நீர் சரிவிலே ஓடும். எனினும் செமந்தான் ஆற்றிலிருந்து சுரங்க வாய்க்கு அதனை இயந்திரங்களே ஏற்றவேண்டும். 1,000 லிட்டர் நீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்குக் குறைந்தது கால் யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் வேண்டும் என்பது இயற்பியல் கணக்கு. இயந்திரத்தில் வீணாகும் ஆற்றலையும் சேர்த்தால் செலவு இன்னும் கூடும். ஒரு வீட்டுக்குச் சிறிதாகத் தோன்றும் இத்தொகை, கோடிக்கணக்கான லிட்டருக்குப் பெருந்தொகையாகிறது.

இதனை ஒரு மாநிலம் முழுவதற்கும் கணக்கிட்டு ஆராய்ந்தவர்கள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக அறிஞர்கள். கடும் வறட்சியில் சிக்கிய கலிபோர்னியாவில், நகரங்கள் நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்கவேண்டும் என 2015இல் ஆணை பிறந்தது. மக்கள் 24.5 விழுக்காடு குறைத்தனர். அதனால் மிச்சமான மின்சாரம் 183 கோடி யூனிட் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் பெரிய தனியார் மின் நிறுவனங்கள் நடத்திய மின்சிக்கனத் திட்டங்களின் பயனைவிட இது 11 விழுக்காடு மிகுதி. செலவோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மின்சாரத்தைச் சேமிக்கச் சொல்லாத ஓர் ஆணை, மின்சாரத்தை மிகுதியாகச் சேமித்தது என்பதே இவ்வாய்வின் சிறப்பு.

ஆயினும் நீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கும் வழிகள் எல்லாம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று எண்ணுதல் பிழை. கடல்நீரைக் குடிநீராக்க, 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை யூனிட் வேண்டும் என்பது சிங்கப்பூரின் அனுபவம். தொழிற்சாலையில் பயன்பட்ட நீரை மீண்டும் தூய்மையாக்கவும் மின்சாரம் தேவை. ஆகையால், ஒவ்வொரு வழியிலும் எவ்வளவு நீர் கிடைக்கிறது, எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்னும் இரண்டையும் ஒருங்கே எடைபோட வேண்டும்.

அவ்வாறு எடைபோட்டால் முதலிடம் பெறுவது குழாய்க் கசிவைத் தடுத்தல். 2014இல் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் சுத்திகரித்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டணக் கணக்குக்கு வராமல் போயிற்று. அதில் பெரும்பகுதி பழைய குழாய்களின் கசிவு. இரண்டு குடம் நீர் கணக்கில் வருவதற்கு மூன்று குடம் எடுத்துச் சுத்திகரித்து அனுப்பினர் என்பது இதன் பொருள். மண்ணில் கசிந்த நீரோடு அதற்குச் செலவான மின்சாரமும் மண்ணிலே போயிற்று.

அடுத்தது கூரைமேல் விழும் மழை. தமிழ்நாட்டில் 2003இல் கட்டடங்கள் அனைத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாயிற்று. மலேசியாவில் 1998ஆம் ஆண்டு வறட்சியை அடுத்து, 1999இல் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு அதற்கான வழிகாட்டிக் குறிப்பை வெளியிட்டது. கூரையிலிருந்து தொட்டியில் இறங்கும் நீரைத் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் பயன்படுத்தினால், மலை கடந்து வரும் நீரை அவற்றுக்குச் செலவிட வேண்டியதில்லை. மூன்றாவது வீட்டுச் சிக்கனம். குளிப்பதற்காக 100 லிட்டர் நீரை 10 பாகை சூடாக்க ஒரு யூனிட்டுக்கு மேல் செலவாகும். அதே நீரை 100 மீட்டர் உயரம் ஏற்றும் செலவைப்போல் இது ஏறத்தாழ நாற்பது மடங்கு. வெந்நீரைக் குறைப்பதில் இரட்டைப் பயன் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

அணையும் சுரங்கமும் வேண்டா என்பது இவ்வாராய்ச்சிகளின் முடிவு அன்று. பெருகும் மக்களுக்கு அவையும் தேவையே. ஆனால், தொலைவிலிருந்து மிகுந்த ஆற்றல் செலவிட்டுக் கொணரும் நீரை ஓட்டைக் குழாயில் விடுவது அறிவுடைமை ஆகாது. கசிவை அடைக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது, சிக்கனம் மக்களுடையது. முன்னது செய்யப்படாமல் பின்னதை மட்டும் வற்புறுத்தினால், வறட்சிதோறும் வாளியோடு படியேறுபவர் அந்த மேல்தளத்துக் குடும்பத்தினராகவே இருப்பர்.